சாளரத்தைச் சாத்தினால் சம்மதமா?

வாயிலில் வந்து நிற்கிறான் ஒரு வணிகன். "புதிய பூட்டு கொணர்ந்திருக்கிறேன், விலை வேண்டா" என்கிறான். வீட்டுக்குரியவர் மறுமொழி கூறாமல் கதவைச் சாத்துகிறார். மறுநாட்காலை எழுந்து பார்த்தால், பழைய பூட்டைக் காணோம். புதிய பூட்டு தொங்குகிறது! கதவு எத்தனை முறை திறந்தது, எப்போது மூடியது என்பதை அந்தப் பூட்டு வணிகனுக்கு அறிவித்துக்கொண்டும் இருக்கிறது! "ஏனய்யா இப்படி?" என்று கேட்டால், "நீர் கதவைச் சாத்தியதையே சம்மதமெனக் கொண்டேன்" என்கிறான். ஊரார் அவனைச் சும்மா விடுவரோ?

பூட்டு வணிகன் கதை கற்பனை. கணிப்பொறி உலகில் நடந்ததோ கற்பனையன்று.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29ஆம் நாள் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. கணிப்பொறியின் உள்ளிருந்து அதன் ஒவ்வோர் அசைவையும் ஆள்வது இயங்குதளம். பழைய விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை வைத்திருந்தோர்க்கு ஓராண்டுக் காலம் புதியது இலவசம் என அறிவித்தது. நன்று, விரும்புவோர் பெறட்டும். ஆயின், விரும்பாதார் திரையிலும் அழைப்பு மீண்டும் மீண்டும் தோன்றிற்று. 2016 மே திங்களில், அவ்வழைப்பின் மூலையிலிருந்த பெருக்கற்குறியை அழுத்தி மூடியவர்களும், குறித்த நாளில் மாற்றத்துக்கு இசைந்தவர்களாகவே கொள்ளப்பட்டனர். மூடுவதற்கென்றே மக்கள் பல்லாண்டு பழகிய குறி, இசைவு முத்திரையாக்கப்பட்டது! எதிர்ப்பு கிளம்பிய பின்னரே, ஜூன் இறுதியில், வெளிப்படையாக மறுப்பதற்கொரு வழி தரப்பட்டது. எல்லை கடந்துவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் சந்தைத்துறைத் தலைவரே அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

புதிய பூட்டு எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அது என்ன செய்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி அன்றோ?

பிரான்சு நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் அதை ஆராய்ந்தது. எந்தெந்தச் செயலிகள் நிறுவப்பட்டன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் கழிந்தது என்பன போன்ற தேவைக்கு மீறிய செய்திகள் திரட்டப்படுகின்றன என்று கண்டது. விளம்பரக்காரர் அடையாளங்கொள்ள உதவும் எண் ஒன்று, பயனரைக் கேளாமலே இயங்கத் தொடங்குகிறது என்றும் கண்டது. மூன்று திங்களில் திருத்துக என 2016 ஜூலையில் கட்டளையிட்டது. நிறுவனம் பணிந்தது; திரட்டும் தரவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2017 ஜூனில்தான் ஆணையம் அந்நடவடிக்கையை முடித்தது.

நெதர்லாந்தின் ஆணையமோ 2017 அக்டோபரில் இன்னும் தெளிவாகப் பேசிற்று. எந்தச் செய்தி எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை விளங்கச் சொல்லவில்லை. ஆகவே பயனர் தந்ததாகக் கூறப்படும் இசைவு செல்லாது. முன்னமே போட்டுவைத்த அமைப்பை ஒருவர் மாற்றாதிருந்தார் என்பதனாலேயே அவர் இசைந்தார் ஆகார். இதுவே அந்த ஆணையத்தின் முடிவு. மௌனம் சம்மதம் என்னும் பழமொழி திருமண வீட்டில் செல்லலாம். உரிமை மன்றத்தில் செல்லாது!

"அப்படியாயின் புதுப்பித்தலே வேண்டா" என்று சிலர் கிளம்பக்கூடும். அது மடமை. 2017 மே திங்களில் வான்னாக்ரை என்னும் கொடு நிரல் 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் திகைத்து நின்றன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு திங்களுக்கு முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. பொருத்தாதவரே பெரிதும் இடர்ப்பட்டனர். பழுது கண்டறியச் சில குறிப்புகள் தேவை என்று நிறுவனம் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஆனால், மருத்துவர் நாடி பார்க்கலாம். பெட்டிச் சாவியைக் கேட்கலாமோ?

கேட்கவும் செய்தனர்! 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத பொறிகள் எண்ணற்றவை. அவற்றை வைத்திருந்தோர்க்கு மேலும் ஓராண்டுக் காப்பு அளிக்க விலை 30 டாலர். பணம் தரவில்லையா? உம் கணிப்பொறியின் அமைப்புகளை எம் மேகக் கிடங்குக்கு அனுப்பு, இலவசம் என்றனர். அதாவது, காசுக்கு ஈடாகத் தரவு! ஆயின் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழ்வோர்க்கு மட்டும், நுகர்வோர் அமைப்புகளின் வற்புறுத்தலுக்குப் பின், 2025 செப்டம்பரில் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. கணக்கு ஒன்று வைத்திருந்தால் போதும் என்றாயிற்று.

ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள், ஒரே ஓட்டை. அங்கொரு நீதி, இங்கொரு நீதி ஏன்? அங்கே சட்டம் விழித்திருந்தது. மக்கள் அமைப்புகள் தட்டிக்கேட்டன. பாரிசிலும் ஹேகிலும் கிடைத்தது எவருடைய கருணையுமன்று. கேட்டுப் பெற்ற உரிமை.

நம் நாட்டிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தரவுக் காப்புச் சட்டம் வர 2023 ஆகிவிட்டது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முதன்மையான கடமைகளுக்கு 18 திங்கள் அவகாசமும் தரப்பட்டது. தீர்ப்பு முன்னே ஓடுகிறது, சட்டம் பின்னே நொண்டுகிறது!

தோழர்களே! கிளை அலுவலகத்துக் கணிப்பொறியில் இருப்பவை யாவை? உறுப்பினர் பட்டியல், நன்கொடைக் கணக்கு, துயருற்ற ஏழை நம்மை நம்பித் தந்த மனு. அவை நமக்குச் சொந்தமல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஆகவே, புதுப்பித்தலைத் தவறாது பொருத்துங்கள். பொருத்திய அன்றே தனியுரிமை அமைப்புகளைத் திறந்து, விளம்பர எண்ணை அணையுங்கள். அனுப்பப்படும் குறிப்புகளைக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். எழுத்தறிந்த இளைஞர், அறியாத முதியவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். விளங்காத வாசகத்துக்கு 'சரி' என்று அழுத்தாதீர்கள்.

சாளரம் என்பது வீட்டிலுள்ளோர் வெளியே நோக்குவதற்காக அமைத்தது. அதன் திரையை விலக்குவதும் மூடுவதும் வீட்டாரின் உரிமை. அவ்வுரிமையை நாம் கேட்டுப் பெறாதவரை, நம் மௌனத்துக்குப் பிறரே பொருள் எழுதிக்கொண்டிருப்பர்!