சும்மா கிடக்கும் சொத்து

பி.காம். படித்த மூன்று வருஷத்தில் நிலம், கட்டடம், மெஷின், கடைசியில் குட்வில்லுக்குக்கூட விலை போடச் சொல்லிக் கொடுத்தார்கள். பவளப் பாறைக்கு எப்படிப் போடுவது என்று மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. தருமபுரிக்காரனுக்கு அது எதற்கு என்று விட்டிருக்கலாம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஒகேனக்கல்தான்!

ஆனால் பாருங்கள், என் அத்தை பையன் அந்தமானில் ஸ்கூபா டைவிங் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறான். ஹேவ்லாக் தீவில். (2018-லேயே அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியாயிற்று.) "மச்சான், பேங்க் லோனுக்கு ஒரு ரிப்போர்ட் போட்டுக் கொடு" என்று கணக்கை நீட்டினான். படகு, கம்ப்ரஸர், சிலிண்டர், டீசல், சம்பளம்... எல்லாம் இருந்தது. பவளத்துக்கு ஒரு பைசா இல்லை. "அது கடல்ல சும்மாதானே கிடக்கு?"

சும்மா கிடக்கிறதா! பவளம் கல் இல்லை சார், உயிர். உருண்டையாக வளரும் ஜாதி, வருஷத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் உயரம் என்றால் கொள்ளுத்தாத்தா வயசு. அதன் தலையில் நங்கூரத்தைப் போட்டால் ஒரே நிமிஷத்தில் கணக்கு குளோஸ். அதற்குப் பதில், அடியில் மணல் இருக்கிற இடத்தில் கனமாக ஒன்றைப் பதித்து, கயிறு கட்டி, மேலே மிதவை விட்டு, படகை அதில் கட்டுகிறார்கள். பெரிய செலவே இல்லை.

ஆளைக் கட்டுவதுதான் கஷ்டம். புதுசாக முங்குகிறவருக்கு ஒரே மட்டத்தில் மிதக்கத் தெரியாது. இடுப்பில் ஈயக்கட்டி அதிகமானால் பொத்தென்று பாறைமேல் உட்காருவார். எழுந்திருக்கக் காலை உதைப்பார். அதனால் முதல் பாடம் மணல் தரையில். ஒரு வாத்தியாருக்கு ரெண்டு மூணு பேருக்கு மேல் கூடாது.

இங்கேதான் இடித்தது. படகுக்குப் பன்னிரண்டு பேர் என்று போட்டிருந்தான். நான் எட்டாக்கினேன். லாபம் இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளிப்போனது. "பக்கத்துக் கடைக்காரன் பன்னிரண்டு ஏத்துவானே?" என்றான். நியாயமான கேள்விதான். அடமானம் வைக்கப்போவது மாமாவின் மாந்தோப்புப் பத்திரம்!

அதற்குத் தூத்துக்குடிப் பக்கம் கை காட்டினேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷம் பவளத்தை வெட்டினார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவு தண்ணிக்குள் போய்விட்டன. அந்தமானிலேயே 2010-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அது எந்த டைவிங் கம்பெனியின் குற்றமும் இல்லை. ஆனால் ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கிறதை இவர்கள் வேறு உதைக்க வேண்டுமா?

நீங்கள் அந்தப் பக்கம் போனால் படகில் ஏறுமுன் கேளுங்கள்: "நங்கூரமா, மிதவையா?" ஆக்ஸிபென்ஸோன் கலந்த சன்ஸ்கிரீனைப் பூசாதீர்கள், பலாவு நாட்டில் 2020-லிருந்து அதற்குத் தடை. பவளத் துண்டைப் பாக்கெட்டில் போட்டால், 2001-லிருந்து சட்டப்படி புலியைத் தொட்ட மாதிரிதான். மீனுக்குப் போடச் சொல்லி யாராவது பிஸ்கட் கொடுத்தால் நீங்களே சாப்பிட்டுவிட்டு, வேறு படகு பாருங்கள்.