கயிற்றுக்கு முன் கை

கட்டட வேலையில் கீழிருப்பவர் செங்கல்லை வீச, சாரத்தில் நிற்பவர் அலுங்காமல் பிடிக்கிறார். ஏறிவந்த கல் நின்று, திரும்ப விழத் தொடங்கும் கணத்தில் கை அங்கே இருக்கிறது, அதுதான் சூட்சுமம். சுழலும் விண்கயிற்றுக்கும் இதே வேலைதான். பல கிலோமீட்டர் நீளக் கயிறு பூமியைச் சுற்றியபடியே தானும் சுழலும். அதன் கீழ்முனை, வேகம் குறைந்த செயற்கைக்கோளைக் கவ்வி, அரைச் சுற்றில் உயரமான பாதைக்கு வீசிவிடும், எரிபொருள் மிச்சம். முனையிலிருந்து பார்த்தால் அந்தக் கோளும் செங்கல்லைப் போலவே வந்து, நின்று, விலகும். முனையின் முடுக்கம் புவியீர்ப்பு அளவுக்கு இருந்தால், உச்சியை ஒட்டிய ஒரு மீட்டருக்குள் கோள் தங்குவது ஒரு நொடிக்கும் குறைவு.

விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்த்த ஸ்பேடெக்ஸ் சோதனையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட தலா 220 கிலோ எடையுள்ள அந்த இரண்டையும், தேதியைத் தள்ளிவைத்து, 15 மீட்டர், 3 மீட்டர் என்று நெருங்கிப் பார்த்து, பின்வாங்கி, 2025 ஜனவரி 16 அன்றுதான் இஸ்ரோ இணைத்தது. அந்தப் பொறுமை பெரிய சாதனை. ஆனால் கயிற்றின் முனையில் பொறுமைக்கு இடமே இல்லை. ஆகவே கயிற்றை விட்டுவிட்டு, பிடிக்கும் பொறியை முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் வாதம்.

1996இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து 19.7 கிலோமீட்டர் வரை விரிந்த கயிறே அறுந்துபோனதே, பிடிப்பானுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். பிடிப்பான் கயிற்றுக்கு மட்டும் உரியதல்ல. விண்கழிவை அகற்றவும் அது வேண்டும். பிஎஸ்எல்வி-சி60இன் கடைசி அடுக்கான போயம்-4இல் கழிவைப் பிடிக்கும் ரோபோ கையை இஸ்ரோ அனுப்பியதே அதற்காகத்தான். புவியீர்ப்புள்ள தரையில் விண்வெளியை எப்படிச் சோதிப்பது என்பது வலுவான கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புவியீர்ப்பு நமக்குத் துணை: மேலே வீசிய எடை முனையின் கணக்கை அப்படியே நடித்துக் காட்டும். வெற்றிடத்தையும் நீண்ட கயிற்றின் அதிர்வையும் அது காட்டாது. அவற்றுக்குப் போயம் போன்ற மேடை வேண்டும்.

தரைச் சோதனைக்கு வேலூர், ஆம்பூர் வட்டாரம் பொருத்தமானது. இங்கே பொறியியல் கல்லூரிகள் உண்டு. கல்லூரி ஆய்வுக்குப் பணம் தர இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் உண்டு. அவற்றைவிட முக்கியம், தோல் தொழிலில் ஊறிய சோதனைப் பழக்கம். ஏற்றுமதி ஷூவின் அடிப்பாகத்தை இயந்திரம் ஆயிரக்கணக்கான முறை மடக்கிப் பார்க்கிறது. எத்தனை மடிப்பு வரை விரிசல் விடாமல் தாங்கியது என்பது அங்கு தரத்தின் ஓர் அளவு. பிடிப்பானுக்கும் அப்படி ஓர் எண் வேண்டும்: நேராக வந்த எடையில் எத்தனை தவறின, உருண்டு வந்ததில் எத்தனை, ஒரு சாண் விலகி வந்ததில் எத்தனை.