டெல்லியா, லண்டனா?

"அண்ணே, சர்வதேச உறவு மேற்படிப்புக்கு டெல்லியிலயும் லண்டன்லயும் எடம் கெடச்சிருக்கு. எதுல சேரட்டும்?" மணிமுத்தாறில் ஒரு தம்பி கேட்டான். மாஞ்சோலையில் கொழுந்து பறித்த ஆச்சியின் பேரன்.

லண்டன் என்றேன். 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேச்சுக்கே எடுக்கவிடாமல் இந்திய அரசு மறித்ததே, அங்கே பதில் சொல்ல நமக்கு ஆள் வேண்டாமா தோழர்களே?

ஆனால் காசு? ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகையில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை 2022இல் விலக்கிவிட்டார்கள். (1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையே சாதி பற்றியதுதான்!) ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் சாதியையும் கணக்கில் எடுத்திருக்கிறது. அந்த வழியாக நுழையப் பார், தம்பி.

உதவித்தொகை உறுதியாகலையா, டெல்லிக்கே போ. கடனுக்கு ஈடு வைக்க, எஸ்டேட் லயன் வீடு நம்ம பேரிலா இருந்தது?