சூரியனைப் பார்க்க கிரகணம் எதுக்கு?

குன்றத்தூர்க்காரர்களுக்கு கிரகணத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சேக்கிழார் கட்டியதாகச் சொல்லப்படும் திருநாகேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களில் ராகு தலம் இதுதான். சூரியனுக்கான தலம் பக்கத்தில் கொளப்பாக்கத்தில். விழுங்குகிறவரும் விழுங்கப்படுகிறவரும் ஒரே ஏரியா :-)

கதையோடு எனக்குச் சண்டை இல்லை. கிரகணத்தன்று மட்டும் சூரியனைப் பார்த்துப் பயப்படுகிறோம், மறுநாளே மறந்துவிடுகிறோம். அதுதான் என் சண்டை.

2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வளைய கிரகணம். சென்னையில் பகுதி கிரகணம். "வெளியே போகாதே, கண்ணு போயிடும்" என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகளை உள்ளேயே உட்கார வைத்தார்கள்!

உண்மை என்னவென்றால், கிரகணத்துக்கென்று தனியாக விஷக் கதிர் எதுவும் கிடையாது. அன்று வருவதும் தினமும் வருகிற அதே வெயில்தான். மற்ற நாட்களில் கண் கூசுவதால் நாமே திரும்பிக்கொள்கிறோம். கிரகணத்தன்று ஆசையில் முறைத்துப் பார்க்கிறோம். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடும்போதே தெரியாது. ஆபத்து ராகுவிடம் இல்லை, ஃபில்டர் இல்லாத பார்வையில் இருக்கிறது.

சரி, மஞ்சள் தண்ணீரில் பிம்பம் பார்க்கலாமே என்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தண்ணீர் தன் மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணால் பார்ப்பதற்கான நல்ல சூரிய ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். அதாவது தண்ணீரில் தெரியும் சூரியன் ஃபில்டரில் தெரிவதைவிட 2000 மடங்கு பிரகாசம்! எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சிடி எதுவும் வேண்டாம்.

இப்போது டெலஸ்கோப். நிறைய பேர் நிலாவுக்கும் சனி வளையத்துக்கும் ஆசைப்பட்டு 70 மி.மீ. டெலஸ்கோப் வாங்குகிறார்கள். குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம் வானத்தில் தெரு விளக்கு வெளிச்சம்தான் அதிகம். நாலு நாள் பார்த்துவிட்டு பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நகரத்து வெளிச்சம் கெடுக்கவே முடியாத நட்சத்திரம் ஒன்றே ஒன்றுதான், அது பகலில் வருகிறது. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை!

ஆனால் விதிமுறை கறாரானது. ஃபில்டர் டெலஸ்கோப்பின் முன் வாயை முழுவதுமாக மூட வேண்டும், காற்றடித்தாலும் கழன்று விழக் கூடாது. சில மலிவு டெலஸ்கோப்புகளோடு கண் வைக்கும் லென்ஸில் திருகுகிற குட்டி "சன் ஃபில்டர்" வரும். அதை உடனே குப்பையில் போடுங்கள். 70 மி.மீ. லென்ஸ் உச்சி வெயிலில் ஏறத்தாழ 4 வாட் வெப்பத்தைச் சேர்த்து ஒரு சின்ன வட்டத்தில் குவிக்கும். அந்தச் சூட்டில் குட்டிக் கண்ணாடி விரிசல் விட்டால் அடுத்தது உங்கள் கண். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் பார்ப்பதும் அதே ஆபத்துதான்.

மேலே ஒட்டியிருக்கும் ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், அல்லது மூடிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை பல்புக்கு நேராகப் பிடித்து ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இனி ஃபில்டர் இல்லை. சூரியனைக் குறிபார்க்கக் கண் வேண்டாம், குழாயின் நிழல் தரையில் மிகச் சிறியதாகும்வரை திருப்பினால் போதும். காலை 8 மணி வாக்கில், மொட்டை மாடி சூடாகி பிம்பம் ஆடுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

என்ன தெரியும்? 40, 50 மடங்கில் முழு வட்டமும் தெரியும். அதில் கரும்புள்ளிகள், நடுவில் கருப்பு, சுற்றி சாம்பல் நிறம். கொஞ்சம் பெரிய புள்ளி என்றால் பூமியே அதற்குள் அடங்கும். தினமும் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் குறித்து வந்தால் இரண்டு வாரத்தில் ஒரு புள்ளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவது தெரியும். சூரியன் சுழல்கிறது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம். (நெருப்புக் கொழுந்துகள் இந்த ஃபில்டரில் தெரியாது, அதற்கு வேறு விலையுயர்ந்த கருவி வேண்டும்.)

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தால், நம்ம கொடைக்கானலைப் பாருங்கள். 1792-ல் தொடங்கி நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் வேலை 1899-ல் அந்த மலைக்குப் போனது. அங்கே சூரியனைப் படமெடுத்த டெலஸ்கோப்பின் வாய் வெறும் 15 செ.மீ.! கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கேதான். பெரிய கருவியைவிட விடாமல் பார்ப்பதுதான் பெரிய விஷயம். இன்று ஆதித்யா-எல்1 2024 ஜனவரியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் நின்று செய்வதும் அதன் தொடர்ச்சிதான்.

எனவே என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு பள்ளியும் ஒரு சின்ன டெலஸ்கோப்பும் ஒரு முன்பக்க ஃபில்டரும் வைத்திருக்க வேண்டும். ஒரு ஏ4 ஃபில்டர் ஷீட்டில் 70 மி.மீ. டெலஸ்கோப் நாலுக்கு மூடி செய்யலாம். வாரம் இரண்டு நாள், பிரேயருக்கு முன் பத்து நிமிடம். "பிள்ளைகள் ஃபில்டரைக் கழற்றிவிட்டால்?" என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் டெலஸ்கோப்பைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். லேபில் கந்தக அமிலத்தை நம்பிக் கொடுக்கிறோமே, அதே ஒழுங்கு இங்கேயும் போதும்.

தமிழ்நாட்டுக்கு அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21-ல். அதுவரை காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். கரும்புள்ளிகள் சுமார் 11 வருடச் சுழற்சியில் கூடிக் குறையும். இந்தச் சுழற்சியின் உச்சம் 2024-ல் வந்துவிட்டது, 2030 வாக்கில் சூரியனின் முகம் பல நாள் வெறுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். புள்ளி பார்க்க வேண்டுமானால் இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

உங்கள் பரணில் டெலஸ்கோப் இருக்கிறதா? இறக்குங்கள். ஆனால் முதலில் ஃபில்டர், பிறகுதான் கண்!