படியெடுத்தவர் பெயர் எங்கே?

கொல்கத்தாவில் பார்க் தெரு கீழ்வட்டச் சாலையைத் தொடும் இடத்தில், கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் துயிலும் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில், மல்லிக் பஜார் இருக்கிறது. பழைய மோட்டார் வாகனங்களின் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை அது. சென்ற மாதம் என் வீட்டு உரிமையாளருடன் அங்கே சென்றேன். அவரிடம் 1964ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று உள்ளது. அதன் பின்விளக்கு ஒன்றின் உலோக அடிப்பாகம் உடைந்துவிட்டது. ஒரு கடைக்காரர் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துவைத்து, "அசல், பழைய இருப்பு, இனிக் கிடைக்காது" என்றார். லூகாஸ் என்ற பெயரும், இங்கிலாந்தில் செய்தது என்ற வாசகமும் அதில் புடைப்பெழுத்தாக இருந்தன. விலையும் அதற்கேற்ப இருந்தது.

எனக்கு வாகனங்களைப் பற்றி அதிகம் தெரியாது. இன்னொன்று இருந்தால் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். மேலும் இரண்டு வந்தன. மூன்றிலும் திருகு நுழையும் துளையின் ஓரத்தில் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் ஒரு கீறல் இருந்தது. அசல் அச்சிலேயே குறை இருந்தால் அது எல்லா அசல்களிலும் வரும் என்று வாதிடலாம். ஆனால் இது திருப்புளி வழுக்கியதால் விழுந்த கீறல்; ஒரே ஒரு விளக்கு தன் வாழ்நாளில் பட்ட காயம். அந்த விளக்கை வைத்து அச்செடுத்து வார்த்த பிள்ளைகள்தாம் இந்த மூன்றும்.

மூலபாட ஆய்வில் முதல் ஆண்டிலேயே நமக்குக் கற்பிக்கப்படும் பாடம் இது. பல ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவதால் அவற்றின் உறவு நிறுவப்படுவதில்லை. பிழையில் ஒத்துப்போனால்தான் அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று துணிகிறோம். உலோகத்துக்கும் இந்த விதி பொருந்துகிறது.

வார்ப்புக்கென்றே சில சான்றுகளும் உண்டு. உருகிய உலோகம் இறுகும்போது சுருங்கும். உலோகத்தைப் பொறுத்து நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. ஆகவே அசல் பாகத்தையே மாதிரியாக வைத்து வார்த்த நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். பத்துச் சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவதை அளவுகோல் காட்டிவிடும். எழுத்துகளின் விளிம்பும் மழுங்கும். லூகாஸ் நிறுவனம் தன் டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவற்றில் மாதத்தையும் ஆண்டையும் பொறித்தது. அந்தத் தேதி வாகனம் ஆலையை விட்டு வெளியேறிய நாளுக்குப் பிந்தியதானால், அந்தப் பாகம் பின்னர் வந்து சேர்ந்தது. பித்தளையில் செய்து குரோமியம் பூசிய விளக்கு வளையத்தில் காந்தம் ஒட்டாது. இரும்புத் தகட்டு நகலில் ஒட்டும். திருகு மரையும் பேசும். பழைய மாரிஸ் எஞ்சின்களுக்கு மூலம் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் எஞ்சின். அதனால் மரை மெட்ரிக் அளவிலும், போல்ட்டின் தலை ஆங்கிலேய விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்தும் அளவிலும் அமைந்தன. இந்தக் கலப்பை அறியாத நகலாளர் இரண்டையும் மெட்ரிக்காகத் 'திருத்தி' விடுகிறார். புரியாத அரிய சொல்லைப் பழகிய சொல்லாக மாற்றும் ஏடெழுதியவரை நாம் அறிவோமல்லவா?

ஆனால் 'அசல்' என்ற சொல்லையே நாம் சற்று விசாரிக்க வேண்டும். 1942இல் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்திலும், பிறகு கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலும் இயங்கியது. அம்பாசிடரே மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் உரிமம் பெற்ற மறுஆக்கம். வாகன மின்கருவிகளைச் செய்ய 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவப்பட்டது. அப்படியானால் உத்தர்பாராவில் உருவான ஒரு வாகனத்துக்கு எது அசல்? பாடியில் செய்த டைனமோவோடு வெளிவந்த வாகனத்தில், மதிப்புக் கூடும் என்று இங்கிலாந்து டைனமோவைப் பொருத்தினால், அசல் பாகத்தாலேயே அந்த வாகனத்தின் வரலாறு பொய்யாகிறது. போர்ச்சுகீசிய 'ஜனேலா' தமிழில் 'ஜன்னல்' ஆயிற்று. தமிழ்ப் பனுவல் ஒன்றில் 'ஜன்னல்' என்றிருப்பதை 'ஜனேலா' என்று திருத்திப் பதிப்பிப்பவரை நாம் பதிப்பாசிரியராக ஏற்க மாட்டோம். வாகனச் சந்தை அத்தகையவருக்குக் கூடுதல் விலை தருகிறது.

இது பொழுதுபோக்காளர்களின் சிறு சச்சரவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2021இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதற்கும் உள்ளாகாத வாகனத்துக்குத் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு. 1968 முதல் இந்நகரில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்திவரும் பழைய கார் அணிவகுப்பிலும் அசல்தன்மை ஓர் அளவுகோல். சட்டமும் பரிசும் பணமும் ஒரு சொல்லின் மேல் வந்து நிற்கும்போது, அந்தச் சொல்லைப் போலியாகச் செய்துதரும் தொழிலும் வளர்ந்தே தீரும்.

அதற்காக நகல்களை ஒழிக்க வேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை. உத்தர்பாராவில் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. மிச்சமுள்ள வாகனங்கள் ஓட வேண்டுமானால் யாரேனும் பாகங்களைச் செய்துதான் ஆக வேண்டும். ஹவுராவின் பெலிலியஸ் சாலைப் பட்டறைகளில் ஒற்றைக் கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களின் கைத்திறன் இகழத்தக்கதன்று. நகல் இல்லாமல் சங்க இலக்கியமும் நம் கைக்கு வந்திராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒப்புநோக்கியவை அனைத்தும் படிகளே.

நம் ஏடெழுதியவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பலர் ஏட்டின் இறுதியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதியது என்று குறித்துவைத்தார்கள். பிழையிருந்தால் பொறுத்தருளுமாறும் வேண்டிக்கொண்டார்கள். அந்தக் குறிப்பினால் ஏட்டின் மதிப்பு குறையவில்லை. அதனால்தான் அதை நம்பிப் பயன்படுத்துகிறோம். உதிரிபாகத்திடமும் நான் கேட்பது இவ்வளவே: செய்தவர் பெயரும் ஆண்டும். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டுரின் சாசனமும், சீரமைப்பில் மாற்றிய பாகங்களில் கண்ணை உறுத்தாத, அழியாத அடையாளம் இட வேண்டும் என்கிறது.

அடையாளமிட்டால் விலை குறையுமே என்பார்கள். அசலின் பெயரால் கிடைக்கும் விலை குறையும், குறையட்டும். நல்ல நகலைச் செய்பவருக்கோ தன் பெயரில் மதிப்பு வளர இதைவிட்டால் வேறு வழியில்லை. மேலும் விளக்கின் அடிப்பாகம் பொய் சொன்னால் பணம் மட்டுமே போகும். பிரேக் பாகம் பொய் சொன்னால், யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஓர் உயிர் போகலாம்.

என் வீட்டு உரிமையாளர் அந்த விளக்கின் அடிப்பாகத்தை வாங்கினார். நகல் என்று ஒப்புக்கொண்ட பிறகு கடைக்காரர் சொன்ன விலை மூன்றில் ஒரு பங்கு. பொருத்துவதற்குமுன், யார் வார்த்தது என்று கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டார்; ஹவுரா என்பதற்கு மேல் பதில் வரவில்லை. விளக்கின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், கூரிய ஆணியால் அந்த ஊர்ப் பெயரையும் இந்த ஆண்டையும் வங்க எழுத்தில் கீறிவைத்தார். ஆளின் பெயருக்கு ஒரு விரலளவு இடம் விட்டிருக்கிறார்.