ஷாங்காய் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு?

1996-ல் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்றாவது மாடிவாசி. எட்டுக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், மூன்று பேர். மூன்றாவது ஆள் எங்கே படுத்தார் என்று கேட்காதீர்கள், அது நான்தான்.

மேன்ஷனுக்கே ஒரே ஒரு டி.வி. கீழே மானேஜர் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் பாட்டுக் கோஷ்டி, கிரிக்கெட் நாட்களில் கிரிக்கெட் கோஷ்டி, ஒன்பது மணிக்கு மேல் சீரியல் கோஷ்டி (ஆம்பிளைகள்தான், வெளியில் சொல்ல மாட்டார்கள்). எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு மேலே போன பிறகு ரிமோட் அடியேன் கைக்கு வரும்.

அந்த நாள் கேபிளில் ஒரே சேனலுக்கு இரண்டு அவதாரம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? 1995-ல் ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க், டாமும் ஜெர்ரியும் ஒன்றையொன்று துரத்தும். ராத்திரியானால் அதே இடத்தில் டி.என்.டி. பொழுது சாய்ந்ததும் எலியும் பூனையும் போய் சிங்கம் வந்து கர்ஜிக்கும். கிரெட்டா கார்போ, கிளார்க் கேபிள், ஹம்ஃப்ரி போகார்ட்... எங்கப்பா காலத்துக்கும் முந்தின முகங்கள், கறுப்பு வெள்ளையில் பளபளவென்று. வசனம் பாதி புரியாது. ஆனாலும் தூங்கப் போக மனசு வராது.

இதை ஒருநாள் ஆபீஸில் சொல்லித் தொலைத்தேன். எங்கள் சூப்ரண்டு ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். லீவு கேட்டாலும் தூக்காத தலை அது.

"தம்பி, அதுல ஷாங்காய் எக்ஸ்பிரஸ் வந்துதா?"

"தெரியலியே சார். என்ன படம் அது?"

"1932. வந்தா எனக்குச் சொல்லு."

அன்றிலிருந்து தினமும் காலை பத்தேகாலுக்கு இதே கேள்வி. "ஷாங்காய் எக்ஸ்பிரஸ் எப்போ?" சென்ட்ரல் ஸ்டேஷன் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி, "இன்னிக்கு இல்ல சார்" என்பேன். அவர் வீட்டில் கேபிள் கிடையாது. பையன் ப்ளஸ் டூ. ப்ளஸ் டூ முடிந்ததும் என்ட்ரன்ஸ், அதுவும் முடிந்தால் பெண் ப்ளஸ் டூ. அந்த வீட்டில் கேபிள் வராது என்று தெரிந்துபோயிற்று. ஆகவே அவருடைய ஒற்றன் நான்தான். பேப்பரில் டி.வி. நிகழ்ச்சிகள் பத்தியைத் துருவ வேண்டியது என் டியூட்டி.

ஒரு வெள்ளிக்கிழமை. பேப்பர் மடிப்பில் ஊர் பெயர் மறைந்து 'எக்ஸ்பிரஸ்' மட்டும் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூத்துக்கு ஓடி, "சார், எக்ஸ்பிரஸ் வருது, ராத்திரி பத்தரைக்கு!" என்றேன்.

மனுஷன் பழவந்தாங்கலில் ரயிலேறி, பார்க்கில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் பிளாஸ்க். மானேஜர் யாரோ மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

படம் ஆரம்பித்தது. பெர்லின் எக்ஸ்பிரஸ். 1948-ல் வந்தது.

அதிலும் ரயில் வந்தது. குண்டு விழுந்து இடிந்த நிஜமான ஃபிராங்க்ஃபர்ட் நகரம் வந்தது. பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான் வந்தார். சூப்ரண்டு ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை பார்த்தார். முடிந்ததும், "மாடு வரலியே" என்றார்.

கடைசி ரயில் போய்விட்டது. என் பாயில் அவர் படுக்க, நான் சுவரில் சாய்ந்து உட்கார, கதை அப்போதுதான் வெளியே வந்தது.

அவருடைய அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சின்ன வயதில் மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ ஒரு தியேட்டரில் ஷாங்காய் எக்ஸ்பிரஸ் பார்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சீனாவில் பீக்கிங்கிலிருந்து ரயில் கிளம்புகிறது, கடைத்தெரு நடுவே தண்டவாளம், இரண்டு பக்கமும் வீட்டுத் திண்ணையை உரசிக்கொண்டு இன்ஜின் போகிறது. அப்போது நட்ட நடுவே ஒரு பசு நின்று கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கிறது. எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோற்றோடு சேர்த்து ஊட்டுவாராம். பசு செவலைப் பசு என்றும் சொல்வாராம்.

"எங்கண்ணன் சிரிப்பான் தம்பி. கறுப்பு வெள்ளைப் படத்துல செவலைப் பசு எங்கேர்ந்து வந்துதும்பான். அப்பா கொஞ்சம் அளப்பார்னு வீட்ல பேர். 1914-ல எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டப்போ ஒரு துண்டு எங்க வீட்டு ஓட்டுல விழுந்துதுன்னு சொல்வார். எங்கம்மா, எம்டன் குண்டு, சீனாக்காரன் மாடு, எல்லாம் ஒரே புளுகுதான்னு சொல்லிடுவா. அவர் போறப்போ எனக்குப் பதினாறு வயசு. கடைசி வரைக்கும் ஒருத்தரும் நம்பலை. நானும்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவை பார்த்துட்டா தேவலை. மாடு இருக்கா இல்லையா, அவ்வளவுதான்" என்றார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் போச்சு.

1997-ல் அவர் ரிடையரானார். 2001-வாக்கில் கார்ட்டூன் நெட்வொர்க் நாள் முழுக்க கார்ட்டூனே போட ஆரம்பிக்க, ராத்திரிச் சிங்கம் அந்த இடத்தைக் காலி செய்தது. நானும் கல்யாணமாகி மேன்ஷனைக் காலி செய்தேன்.

பிறகு வெகுநாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் தப்பான பிளாட்பாரத்தில் காத்திருந்திருக்கிறோம்!

கதை இதுதான். டெட் டர்னர் என்ற அமெரிக்க டி.வி. முதலாளி 1986-ல் எம்.ஜி.எம். கம்பெனியை வாங்கினார். கடன் கழுத்தை நெரிக்க, கொஞ்ச நாளிலேயே ஸ்டூடியோவைத் திருப்பி விற்றுவிட்டு பழைய படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அந்த மூட்டையில் எம்.ஜி.எம். படங்களோடு 1950-க்கு முந்தின வார்னர் படங்களும் ஆர்.கே.ஓ. படங்களும் இருந்தன. டி.என்.டி.யும், 1994-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த டர்னர் கிளாசிக் மூவிஸும் இந்த மூட்டையை நம்பித்தான் ஓடின. (காஸாபிளாங்காவுக்குக் கலர் அடித்து 1988-ல் ஒளிபரப்பியதும் இவர் புண்ணியம்தான். அப்போது அமெரிக்க ரசிகர்கள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.)

ஷாங்காய் எக்ஸ்பிரஸோ பாரமவுன்ட் படம். பாரமவுன்ட் கம்பெனி 1929-லிருந்து 1949 வரை எடுத்த பேசும் படங்களில் பெரும்பாலானவற்றை, சுமார் 700 படங்களை, 1958-ல் எம்.சி.ஏ. என்ற நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றுவிட்டது. எம்.சி.ஏ. பிறகு யுனிவர்ஸலை விழுங்கியது. ஆக, பாரமவுன்ட் மலை முத்திரையோடு எடுத்த படங்கள் யுனிவர்ஸல் கோடவுனில் போய் உட்கார்ந்தன. டர்னர் சேனலில் போட வேண்டுமானால் வாடகை கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் சொந்தக் கிணறு இருக்கும்போது எவன் லாரித் தண்ணீர் வாங்குவான்?

இது நம் மேன்ஷன் துக்கம் மட்டுமில்லை. 1934 ஜூலையில் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகளைக் கறாராக்கினார்கள். அதற்கு முந்தின நாலைந்து வருஷத்துப் படங்கள் கொஞ்சம் துணிச்சலானவை. புருஷனை விட்டுப்போகிற பெண், மாட்டிக்கொள்ளாத திருடன், இப்படி. இவற்றின் மேல் அமெரிக்காவிலேயே ஒரு பித்துப்பிடித்த ரசிகர் கூட்டம் உண்டு. அவர்களும் பாரமவுன்ட் படம் எப்போது போடுவார்கள் என்று நிகழ்ச்சி நிரலைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்தான்.

அழிந்துபோன படம் என்றால் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். அமெரிக்காவில் 1912-லிருந்து 1929 வரை எடுத்த மௌனப் படங்கள் 10,919 என்றும், அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான் என்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் கணக்குக் கொடுத்தது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் தானே மக்கி உதிரும். நாம் மட்டும் என்ன? தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸுக்கே (1931) பிரதி கிடையாது. அது விதி.

ஆனால் படம் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ்தான் மேலே உட்கார்ந்திருக்கிறது என்றால் வயிறு எரியுமா எரியாதா? ஜோன் கிராஃபோர்ட் நடித்த லெட்டி லின்டன் (1932) படத்தை, ஒரு நாடகத்திலிருந்து திருடியது என்று 1936-ல் கோர்ட் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், பல பத்தாண்டுகளுக்குப் படம் உள்ளே. அந்தப் படத்தில் அம்மணி போட்டுக்கொண்ட தோள்பட்டைச் சுருக்கம் வைத்த கவுன் மட்டும் ஊரெல்லாம் காப்பியடிக்கப்பட்டது. அதற்கு வழக்கு இல்லை.

கிங் காங் எடுத்த மெரியன் கூப்பர் கதை இன்னும் வேடிக்கை. ஆர்.கே.ஓ.வுக்கும் அவருக்கும் பணத் தகராறு. 1946-ல் கணக்குத் தீர்க்க ஆறு படங்களின் உரிமை அவர் கைக்குப் போயிற்று. அதன் பிறகு அந்த ஆறும் மறந்தே போயின. அறுபது வருஷம் கழித்து, டர்னர் கம்பெனி பழைய காகிதங்களைப் புரட்டி உரிமையை மீட்டது. ஒரு படத்துக்கு நெதர்லாந்தில்தான் பிரதி கிடைத்தது, அடியில் டச்சு எழுத்து ஓடிக்கொண்டிருக்க. 2007 ஏப்ரல் 4 அன்று ஆறையும் ஒரே நாளில் போட்டார்கள். அன்று அங்கே எத்தனை பேர் ஆபீஸுக்கு வயிற்றுவலி சொன்னார்களோ!

இதைப் படித்ததும் எனக்கு சூப்ரண்டு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே தவிர ஒன்றும் செய்யவில்லை. சம்பளம், லோன், பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் என்று இன்னும் பதினோரு வருஷம் ஓடிற்று.

2018-ல் கிரைட்டீரியன் கம்பெனி மார்லீன் டீட்ரிக்கின் ஆறு படங்களை ஒரே பெட்டியாக வெளியிட்டது. ஷாங்காய் எக்ஸ்பிரஸ் அதில் உண்டு. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மச்சினனிடம், "சென்ட் வேண்டாம், சாக்லேட் வேண்டாம், இது மட்டும் வாங்கிட்டு வா" என்றேன். டி.வி.டி. வந்தது. பிளேயரில் போட்டால் ஓடவில்லை. அமெரிக்க டி.வி.டி. நம் ஊர் பிளேயரில் ஓடாதாம், அதற்கும் ஒரு பூட்டு! லேப்டாப்பில் தேசத்தை மாற்றிப் போடலாம், ஆனால் ஐந்து தடவைக்கு மேல் மாற்ற விடாது என்றார்கள். எனக்கு ஒரு தடவை போதும்.

நங்கநல்லூர். வயது எழுபத்தொன்பது, காதில் மெஷின். என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. லேப்டாப்பைத் திறந்து, "சார், எக்ஸ்பிரஸ் வந்துடுத்து" என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பெர்லினா?" என்றார்.

படம் ஓடியது. பீக்கிங் ஸ்டேஷன், கூட்டம், புகை. டீட்ரிக் கறுப்பு இறகு உடையும் முகத்திரையுமாக வந்து இறங்கினார். சூப்ரண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு தம்பி இது?"

"அவங்கதான் சார் ஹீரோயின்."

"அப்பா இந்தம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே. ரயில், இன்ஜின், மாடு, அவ்வளவுதான் சொன்னார்."

"உங்கம்மா பக்கத்துல இருந்திருப்பாங்க சார்."

மூன்று தடவை பார்த்ததற்குக் காரணம் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரயில் கிளம்பியது. கடைத்தெரு, தோரணத் துணிகள், இரண்டு பக்கமும் ஜனம், உரசிக்கொண்டு இன்ஜின். நின்றது. தண்டவாளத்தில் பசு. அடியில் கன்று.

"நிறுத்து, நிறுத்து!"

நிறுத்தினேன். உள்ளே பார்த்து, "இங்க வா, சீக்கிரம் வா!" என்று கத்தினார். வீட்டம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, லேப்டாப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமனார் மாடா இது?" என்றார். பிறகு, "அப்போ அந்த எம்டன் குண்டு?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. விரலால் திரையில் கன்றுக்குட்டியைத் தொட்டார்.

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். நாலு தடவை. அண்ணனுக்குக் காட்டலாம் என்றால் அவர் இல்லை, முந்தின வருஷமே போய்விட்டாராம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"எல்லாம் சரி சார். ஆனா உங்கண்ணன் சொன்னதும் நியாயம்தானே? கறுப்பு வெள்ளையில அது செவலைன்னு எப்படித் தெரியும்?"

சூப்ரண்டு, ஃபைலில் தப்புக் கண்டுபிடித்தால் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்தார்.

"என்னய்யா, கண்ணு தெரியலியா உனக்கு? செவலைதான்யா அது!"