செயின் டிராக்டரும் மலைச்சாலையும்

மலைநாட்டு வேளாண்மைக்கு நிலம் எவ்வளவு அவசியமோ, சாலையும் அவ்வளவு அவசியமாகும். பூம்பாறை, மன்னவனூர் முதலிய கிராமங்களில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் மலைச்சாலை வழியாகவே கீழ்நாட்டுச் சந்தைகளை அடைய வேண்டும். ஆதலின், இரும்புச் செயின் மீது ஓடும் பழைய டிராக்டரைப் பொதுச்சாலையில் ஓட்டலாமா என்பது பழனிமலைக் குடியானவர்கள் ஊன்றிச் சிந்திக்கத்தக்கதொரு விஷயமாம்.

இவ்வகை யந்திரங்கள் நம் தேசத்திற்குச் செய்த சேவை சிறிதன்று. இரண்டாவது உலக யுத்தத்திற்குப்பின் அமெரிக்கச் சேனை விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டே 1947-ல் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் துவக்கப்பட்டது. காஸ் என்னும் நாணலினக் களை மண்டிய நிலங்களைத் திருத்தும்பொருட்டு, விவசாய யந்திரங்கள் வாங்க 1949-ல் உலக பாங்கி ஒரு கோடி டாலர் கடன் உதவிற்று. அக்காலத்து யந்திரங்களைப் பழுதுபார்த்துக் காப்பது பாராட்டத்தக்கதே.

எனினும் வயலில் குணமாயிருப்பது சாலையில் குற்றமாகிறது. ஈரமண்ணைப் பற்றும் இரும்புப் பற்கள் தாரைக் கீறிப் பெயர்க்கும். ஒரு பக்கத்துச் செயினை நிறுத்தியே இவ்வண்டி திரும்புமாதலால், கொண்டையூசி வளைவுகளில் சேதம் மிகும். பெயர்ந்த இடத்தில் மழைநீர் புகுந்து சாலையை அரிக்கும். நனைந்த சரிவில் இரும்பு வழுக்கினாலோ உயிர்ச்சேதமும் நேரலாம்.

சட்டத்தின் நிலை யாதெனில், 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரை நான்கு சக்கர வண்டியென்றே வரையறுக்கின்றன. கட்டுமான யந்திர வண்டி என்னும் பிரிவோ ரப்பர் டயர், ரப்பர் பட்டை, இரும்பு உருளை ஆகியவற்றையே கூறுகிறது. 2021-ல் வெளியான பழம்பெரும் வாகன விதிகளும் ஐம்பது வயது கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கே உரியன. அவையும் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கன்றி நித்திய உபயோகத்திற்கு ஓடலாகாது. ஆகவே இரும்புச் செயின் வண்டிக்கு இம்மூன்று வாயில்களும் அடைபட்டுள்ளன. பதிவும் இன்ஷூரன்ஸும் இன்றி ஓட்டி விபத்து நேரின், நஷ்டஈட்டிற்குச் சொந்தக்காரரின் நிலமே ஈடாக நேரிடும்.

அரை பர்லாங் தூரத்திலுள்ள வயலுக்கும் லாரி பிடிப்பதா என்று சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. பிரிட்டனில் செயினால் திரும்பும் வண்டிகளுக்கெனத் தனி லைசென்ஸ் வகுப்பு உண்டு. நம் விதிகளும் ரப்பர் பட்டையை ஒரு பிரிவில் ஏற்றிருக்கையில், அவ்வாறு பட்டை பூட்டிய பழைய விவசாய யந்திரங்களுக்கும் அதனை விரிவாக்குதல் தகும். சாலையைக் குறுக்கே கடப்பதற்கு மட்டும், நாளும் இடமும் குறித்து, சேதத்திற்கு முன்பணம் பெற்று, ஜில்லா அதிகாரிகள் அனுமதி அளிக்கும் முறையும் ஏற்படவேண்டும்.

அதுவரையில் நிலக்காரர்கள் யந்திரத்தை லாரியிலோ தாழ்தள டிரெயிலரிலோ ஏற்றிச் செல்வதே உசிதம். பலர் கூடி ஒரே முறையில் வரவழைத்து, அடுத்தடுத்த வயல்களை உழுதுகொண்டால் செலவு பகிரப்படும். கிராம அதிகாரிகளும் வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் ஒரே நெறியைக் கைக்கொள்ளவேண்டும். ஒருவருடைய அரைமணி நேரச் சௌகரியத்திற்காக ஊரார் அனைவரின் விளைச்சலும் மலைமேல் தேங்கிக் கெட விடலாகாது.